மேஜருக்குப் பதினாலு யூனிட்

போன மாதம் காரைக்குடியில் கால்நடை மருத்துவர்கள் கூட்டம் ஒன்றுக்கு என்னையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். சால்வையும் போர்த்தினார்கள். பிறகு ஓர் இளம் டாக்டர் திரையில் படம் காட்டிப் பேசினார். நாயின் முதுகில் சின்னதாக ஒரு வில்லையை ஒட்டிவிட்டால் போதுமாம், ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை என்பது கைபேசியில் வந்து விழுமாம். நல்ல விஷயம்தான். எனக்கு அதில் பொறாமை எதுவும் இல்லை. ஆனால் அடுத்தாற்போல் அவர் சொன்னார்: "அம்பது வருசத்துக்கு முன்னாடி இந்தப் பக்கம் நாய்க்குச் சர்க்கரை வியாதி வந்தா யாருக்கும் தெரியாது. தெரிஞ்சாலும் அப்படியே விட்டுருவாங்க."

நான் எழுந்து நின்று "பொய்" என்றேன். பக்கத்திலிருந்தவர் சால்வையைப் பிடித்து இழுத்து என்னை உட்கார வைத்தார். டீ குடிக்கும் நேரத்தில் அந்த டாக்டரே என்னிடம் வந்து, "கோவிச்சுக்காதீங்க ஐயா, எனக்குத் தெரியாது. நடந்ததை எழுதிக் குடுங்க" என்றார். அந்தப் பெருந்தன்மைக்காகத்தான் எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் கால்நடை மருத்துவமனையில் கம்பவுண்டராக இருந்தவன். மாட்டாஸ்பத்திரி என்றால்தான் ஊரில் யாருக்கும் புரியும். என் அத்தா, அதாவது தகப்பனார், சந்தையில் ஆட்டுத்தோல் வாங்கி விற்றவர். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, சில மாதம் மருந்து கலக்கப் பழகி, அறுபதுகளின் பாதியில் தற்காலிக வேலையில் சேர்ந்தேன். அந்தத் 'தற்காலிகம்' என்ற சொல் ஆறு வருடம் என் கழுத்தில் தொங்கியது. என்றைக்கு வேண்டுமானாலும் வீட்டுக்குப் போ என்று சொல்லலாம் என்பதுதான் அதன் பொருள்.

எங்கள் டாக்டர் சுந்தரேசன் காலை எட்டு மணிக்கு உள்ளே வருவார். எட்டு அடித்து ஒரு நிமிடம் ஆகியிருக்காது, ஒரு நிமிடம் முன்னாலும் இருக்காது. சுவரில் ஆணி அடித்துப் பெரிய ஸ்லேட் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். எந்த மாடு, என்ன மருந்து, எவ்வளவு என்று சாக்பீஸால் கட்டம் கட்டமாக எழுதுவார். அதைப் பார்த்துத்தான் நான் மருந்து கலக்க வேண்டும். சாயங்காலம் ஈரத்துணியால் அவரே அழிப்பார். வேறு எவர் கையும் அந்த ஸ்லேட்டில் படக்கூடாது. கெட்டிக்காரர், அதை யாரும் மறுக்க முடியாது. மாட்டின் வயிற்றில் குறுக்கே கிடக்கிற கன்றைத் தோள்வரை கையை விட்டுத் திருப்பி எடுப்பார், சட்டையில் ஒரு சொட்டுப் பட்டிருக்காது. ஆனால் தான் எழுதியது தப்பாக இருக்கும் என்று ஒரு நாளும் அவருக்குத் தோன்றியதில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் அமராவதிபுதூரிலிருந்து வள்ளியம்மை ஆச்சி காரில் ஒரு நாயைக் கொண்டுவந்தார்கள். ஆச்சி என்றதும் கிழவி என்று நினைத்துவிடாதீர்கள். நகரத்தார் வீட்டில் நடுவயதுப் பெண்ணும் ஆச்சிதான். இவருக்கு நாற்பது இருக்கும். கணவர் மலேயாவில் தொழில் செய்தார், மகன் சென்னையில் படித்தான். அவ்வளவு பெரிய வீட்டில் ஆச்சியும், சமையலுக்கு ஒரு அம்மாவும், டிரைவரும், மேஜர் என்ற இந்த நாயும்தான். மேஜர் பாதி அல்சேஷன், பாதி நம்ம ஊர்.

"டாக்டர், குடம் குடமாத் தண்ணி குடிக்கிறான். நல்லாச் சாப்பிடுறான், ஆனா எலும்பும் தோலுமா ஆயிட்டான். மூத்திரம் பேஞ்ச எடத்துல எறும்பு மொய்க்குது" என்றார் ஆச்சி.

எறும்பு என்ற சொல்லைக் கேட்டதும் டாக்டர் நிமிர்ந்தார். சோதனைக் குழாயில் ஒரு தேக்கரண்டி அளவுக்கு நீலநிற பெனடிக்ட் கரைசலை ஊற்றி, நாயின் மூத்திரத்தில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினார். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம், மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிக்கொண்டே போனால் அதிகம். எங்கள் கண்முன்னே அந்தக் குழாய் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது. "மனுசனுக்கு வர்ற அதே வியாதிதான். தினமும் இன்சுலின் போட்டாப் பிழைக்கும். போட முடியுமா?" என்று கேட்டார். "போடாம என்ன செய்யச் சொல்றீக? சாகட்டும்னா?" என்று ஆச்சி திருப்பிக் கேட்டார்கள். இளம் டாக்டர் தம்பிக்கு இந்த இடத்தை அடிக்கோடு போட்டு எழுதுகிறேன். கண்டுபிடித்தது எங்கள் டாக்டர், விடமாட்டேன் என்றது அந்த ஆச்சி.

தினமும் ஆச்சி வீட்டுக்குப் போய் ஊசி போடுவது என் பொறுப்பாயிற்று. மருந்து மதுரையிலிருந்து வரவேண்டும். பஸ் கண்டக்டர் ஒருவர் பிளாஸ்கில் ஐஸ்கட்டி போட்டு, அதற்குள் புட்டியை வைத்துக் கொண்டுவந்து தருவார். ஆச்சி வீட்டில் ஃபிரிஜ் கிடையாது. வீட்டின் உள்பக்கம் இரண்டாங்கட்டில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், ஈரமணல் நிரப்பிய மண்சட்டிக்குள் புட்டியைப் புதைத்து வைப்போம். கண்ணாடி சிரிஞ்சையும் ஊசியையும் வெந்நீரில் கொதிக்க வைத்து ஆறவிட வேண்டும். புட்டியைக் குலுக்கக்கூடாது, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே மெதுவாக உருட்ட வேண்டும். முதலில் வயிறு நிறையச் சாப்பாடு, அப்புறம்தான் ஊசி. சாப்பிடாத நாய்க்கு முழு அளவு போடவே கூடாது. பிடரித் தோலைத் தூக்கிப் பிடித்து அடியில் செலுத்துவேன். மேஜர் திரும்பிக்கூடப் பார்க்காது.

ஊசி சுலபம். மூத்திரம் பிடிப்பதுதான் சிரமம். ஒரு மூங்கில் கம்பின் நுனியில் அகப்பையைக் கட்டிக்கொண்டு விடிந்ததும் நாயின் பின்னால் நடப்பேன். அது காலைத் தூக்கும்போது அகப்பையை நீட்ட வேண்டும். கொஞ்சம் முந்தினால் காலைக் கீழே போட்டுவிடும், பிந்தினால் மண்ணுக்குப் போய்விடும். தெருவே வேடிக்கை பார்க்கும். ஒரே வாரத்தில் எனக்கு 'அகப்பை பாய்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் அமராவதிபுதூரில் இப்ராஹிம் என்று கேட்டால் தெரியாது, அகப்பை பாய் என்றால் தெரியும்.

கேலி வெளியே மட்டுமா? எங்கள் ஜமாஅத்தில் ஒரு பெரியவர், "நாய் எச்சியும் மூத்திரமுமாத் திரியிறவன் எப்புடிப் பள்ளிவாசலுக்குள்ள வர்றான்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். "எச்சில் பட்டா ஏழு தடவை கழுவச் சொல்லியிருக்கு மாமா. கழுவிட்டுத்தான் வாரேன். சாகட்டும்னு விடச் சொல்லி எங்கயும் சொல்லலையே?" என்றேன். என் மனைவி ஜைனபு வீட்டு வாசலிலேயே ஒரு சட்டையும் கைலியும் வைத்திருப்பாள். "அங்குட்டே மாத்திட்டு வாங்க" என்பாள். அவ்வளவுதான் அவள் சொன்னது.

டீக்கடையில் வேறு கேள்வி. "மனுசனுக்கே இந்த மருந்து கிடைக்காம அலையிறான். நாய்க்கு ஊசி ஒரு கேடா?" அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. சிலநாள் என்னைத் தூங்கவிடவில்லை. ஆனால் கேட்டவர்களில் ஒருத்தர்கூட எந்த நோயாளிக்காகவும் மதுரைக்குப் போய் ஒரு புட்டி வாங்கிவந்ததில்லை. ஆச்சியோ, அதே தெருவில் சர்க்கரை வியாதியோடு கிடந்த தையல்காரருக்கும் அதே கண்டக்டரிடம் சொல்லித்தான் மருந்து வரவழைத்தார்கள். இதை நான் டீக்கடையில் சொன்னேன். அதற்கப்புறம் அந்தக் கேள்வி வரவில்லை.

பதினாலு யூனிட்டில் மேஜருக்குச் சர்க்கரை கட்டுக்குள் நின்றது. காலையில் காய்ச்சினால் இளம்பச்சை. எலும்பு மறைந்து சதை பிடித்தது. அப்படியிருக்கும்போது ஒருநாள் காலை திடீரென்று செங்கல் நிறம். டாக்டர், "ஒரு நாள் பார்ப்போம்" என்றார். இரண்டு நாளில் தானாகவே பச்சைக்கு வந்துவிட்டது. அடுத்த மாதம் மறுபடியும் செங்கல். இந்தத் தடவை டாக்டர் பொறுக்கவில்லை. ஸ்லேட்டில் 'மேஜர் – 18' என்று எழுதினார். நான் போட்டேன். மறுநாளும் பதினெட்டு. அன்றைக்கு மத்தியானம் என்னைக் கூட்டிப்போக ஆச்சியின் கார் ஆஸ்பத்திரிக்கு அலறிக்கொண்டு வந்தது.

நான் போனபோது மேஜர் வளவு முற்றத்தில் தரையோடு கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது. வாயில் நுரை, கண் மேலே செருகியிருந்தது. ரத்தத்தில் சர்க்கரை அடியோடு குறைந்துபோன வலிப்பு அது. மயக்கத்தில் கிடக்கிற நாய்க்குத் தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். வெல்லத்தைக் கெட்டியாகக் கரைத்து விரலில் தொட்டு ஈறில் தேய்த்துக்கொண்டே இருந்தேன். விரலைக் கடித்தது. இதோ, அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் கண் கீழே இறங்கியது. ஆச்சி சத்தமில்லாமல் அழுதார்கள்.

மூன்றாவது மாதமும் அதேதான். செங்கல் நிறம், ஸ்லேட்டில் இந்தத் தடவை இருபது, இரண்டாம் நாள் வலிப்பு. முன்னைவிட மோசம். அன்று சாயங்காலம்வரை மேஜரால் எழுந்து நிற்க முடியவில்லை. டாக்டர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"குழாயை ஒழுங்காக் கழுவினியா? அகப்பையில பாயசம் கீயசம் ஒட்டியிருந்துச்சா?"

"இல்ல சார். அது அதுக்குன்னே வச்சிருக்கிற அகப்பை."

"அப்ப ஊசியைத் தோலுக்கு வெளிய விட்டிருப்ப."

பிறகு ஆச்சியையும் கேட்டார். இனிப்பு கொடுக்கிறீர்களா, சாப்பாட்டில் மாற்றம் உண்டா? "நீங்க சொன்ன சாப்பாட்டைத் தவிர ஒரு பருக்கை கிடையாது டாக்டர். வைரவர் மேல சத்தியமாச் சொல்றேன்" என்றார்கள் ஆச்சி. அவர்கள் பொய் சொல்கிறவர்கள் இல்லை. அப்படியானால் தப்புச் செய்தவன் நான்தான். டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் அதுதான் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இரண்டு நாள் கழித்து ஜைனபு, "மிஃராஜ் ராத்திரித் தொழுகை என்னைக்கு வருது? இன்னைக்குப் பிறை எத்தனை?" என்று கேட்டாள். அத்தா கடையில் பழகிய பழக்கம், எந்த நோட்டு எழுதினாலும் இங்கிலீஷ் தேதிக்குப் பக்கத்தில், புதுப்பிறை கண்ணில் பட்டதிலிருந்து நாங்கள் எண்ணுகிற பிறைத் தேதியையும் எழுதுவேன். மேஜருக்கான நோட்டிலும் எழுதியிருந்தேன். அதைப் பார்த்துச் சொல்லலாம் என்று திறந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மூன்று செங்கல் நாளும் இங்கிலீஷ் தேதியில் வேறு வேறு. பிறைக் கணக்கில் பார்த்தால் இரண்டு தடவை இருபத்திரண்டு, ஒரு தடவை இருபத்தொன்று.

மறுநாள் டாக்டரிடம் நோட்டைக் காட்டினேன். "நாய்க்கு நிலா பார்த்து வியாதி வருதா? நோன்பு வைக்கச் சொல்லுவியா?" என்று சிரித்தார். "காரணம் தெரியல சார். ஆனா தானா ஏறுது, தானா எறங்குது. நாம அளவைக் கூட்டினா மட்டும்தான் வலிப்பு வருது. முதல் தடவை கூட்டல, ஒண்ணும் ஆகல." "மருந்து கலக்குறதுதான் உன் வேலை" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நாலாவது மாதம் பிறை இருபத்திரண்டு. விடிகாலையில் ஆச்சி வீட்டில் காய்ச்சினேன். செங்கல். ஊசி போடாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து குழாயைக் காட்டினேன். டாக்டர் சாக்பீஸை எடுத்து 'மேஜர் – 20' என்று எழுதினார்.

எனக்கு அப்போது மனைவி வயிற்றில் இரண்டாவது பிள்ளை. வேலை தற்காலிகம். அதெல்லாம் தெரிந்துதான் செய்தேன். கையை நீட்டி, அந்த இருபதை உள்ளங்கையால் அழித்தேன். வெளியே மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன செய்யிற?"

"இருபது போட்டா நாளைக்கு வலிப்பு வரும் சார். இந்தத் தடவை பிழைக்காது. பதினாலே போடுறேன். ரெண்டு நாள்ல பச்சைக்கு வந்துரும்."

"வரலைன்னா?"

"நான் வேலையை விட்டுப் போயிர்றேன்."

"நீ என்ன போறது? நான் அனுப்புவேன்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. உட்கார்ந்து ஒரு மெமோ எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "போய்ப் பதினாலே போடு. நாய் செத்தா நீயே புதைச்சிட்டு வா" என்றார். வெல்லக்கட்டி ஒன்றைக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். அழித்தது தப்பு என்று ஒரு நொடியும் தோன்றவில்லை.

பதினாலு யூனிட் போட்டுவிட்டு மேஜருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். ஆச்சி வந்து பார்த்தார்கள்.

"என்ன பாய், மூஞ்சி செத்துப்போய் இருக்கு? காப்பி குடிக்கிறீகளா? நேத்து அஷ்டமி, வைரவருக்கு வச்ச சர்க்கரைப் பொங்கல் இருக்கு. நீங்க அதச் சாப்பிட மாட்டீக."

"பொங்கலா? யாருக்கு வச்சீக ஆச்சி?"

"வைரவருக்குத்தான். தேய்பிறை அஷ்டமிக்கு அஷ்டமி வைக்கிறதுதானே. சாமிக்குப் படைச்சிட்டு மொதல்ல அவரு வாகனத்துக்கு ஒரு உருண்டை" என்று மேஜரைக் காட்டினார்கள்.

ஆச்சியின் 'ஒரு உருண்டை' என்பது என் இரண்டு கையும் சேர்ந்து பிடிக்கிற அளவு. அதில் பாதி வெல்லம்.

"ஆச்சி, இனிப்புக் குடுக்குறதில்லன்னு டாக்டர்கிட்டச் சத்தியம் பண்ணினீகளே!"

"சாப்பாட்டைக் கேட்டாரு, சொன்னேன். பிரசாதத்தைப் போயி யாராச்சும் சாப்பாட்டுல சேப்பாகளா?" என்றவர்கள் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். மேஜரைப் பார்த்தார்கள். "ஐயோ, நானா?" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

தேய்பிறை அஷ்டமிக்கு மறுநாள் காலை எங்கள் கணக்கில் பிறை இருபத்தொன்றோ இருபத்திரண்டோதான் வரும். எனக்கு அஷ்டமி தெரியாது, டாக்டருக்குப் பிறை தெரியாது, ஆச்சிக்குப் பிரசாதத்தில் சர்க்கரை இருக்கும் என்பதே தோன்றவில்லை. மூன்று பேருமாகச் சேர்ந்து அந்த வாயில்லா ஜீவனைக் கொல்லப் பார்த்தோம். ஒரு நாள் பொங்கலுக்காக ஏறிய சர்க்கரைக்கு நாங்கள் தினசரி மருந்தைக் கூட்டியிருக்கிறோம். பொங்கல் இல்லாத நாளில் அந்த மருந்து நாயைக் கவிழ்த்திருக்கிறது.

வைரவருக்குப் படைப்பதை நிறுத்தச் சொல்ல நான் யார்? ஆச்சியே எழுந்து, "அவருக்கு வடையும்தான் பிடிக்கும். இனி மெளகு வடைதான். இவனுக்கு அதுல ஒரு விள்ளல்" என்றார்கள். விஷயம் முடிந்தது. மறுநாள் குழாய் மஞ்சள், அதற்கடுத்த நாள் பச்சை. வலிப்பு வரவில்லை.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அடுத்த மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். அடுத்த தேய்பிறை அஷ்டமி ரமலான் மாதத்தில் வந்தது. மறுநாள் விடியலில் நான் நோன்போடு அகப்பையைப் பிடித்துக்கொண்டு மேஜர் பின்னால் நடக்கும்போது, தெருமுனையில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. டாக்டர். என்னிடமிருந்து அகப்பையை வாங்கித் தானே பிடித்தார். தானே காய்ச்சினார். இளம்பச்சை. குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ஆச்சி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் ஸ்லேட்டைப் பார்த்தேன். 'மேஜர்' என்று எழுதி, கோடு போட்டு, அளவு எழுதுகிற இடத்தைக் காலியாக விட்டிருந்தார். சாக்பீஸ் என் மேஜைமேல் இருந்தது. நான் போய் பதினாலு என்று எழுதினேன். அவர் மாற்றலாகிப் போகிறவரை அந்த ஓர் இடத்தை அவர் நிரப்பவே இல்லை.

மேஜர் அதற்குப் பிறகு மூன்று வருடத்துக்கு மேல் உயிரோடு இருந்தது. கடைசி வருடம் இரண்டு கண்ணிலும் புரை விழுந்து பார்வை போய்விட்டது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். பார்வை போன பிறகும் என் சைக்கிள் சத்தம் கேட்டதும் பிடரியைக் காட்டிக்கொண்டு வந்து நிற்கும். ஊசியை ஆச்சியே போடப் பழகியிருந்தார்கள், நான் சும்மா பார்த்துவிட்டு வரத்தான் போவேன். அது செத்த அன்று நான் அழுதேன். அகப்பை பாய் நாய்க்காக அழுகிறான் என்று தெரு சிரித்ததா இல்லையா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டர் அந்த மெமோவை மட்டும் திரும்பப் பெறவில்லை. எழுதியது எழுதியதுதான், அவர் குணம் அது. என் வேலை நிரந்தரமானபோது அது பணிப்பதிவேட்டில் சிவப்பு மையில் ஏறியது: 'மேலதிகாரி பலகையில் எழுதிய உத்தரவைக் கையால் அழித்தார்.' நான் ஓய்வு பெறும்போது அலுவலகத்து கிளார்க் நல்லமனசோடு, "பழைய கதை பாய். தெரியாமச் செஞ்சுட்டேன்னு ஒரு மனு எழுதிக் குடுங்க, எடுத்துரலாம்" என்றார்.

நான் எழுதிக் கொடுக்கவில்லை. அந்த வரியில் பொய் எதுவும் இல்லை. கையால்தான் அழித்தேன், தெரிந்துதான் அழித்தேன்.